கடலுக்குப் போகும் மழை வீணா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மாரி மழை முழுவதும் வாவியின் முகத்துவாரம் வழியாகக் கடலில் கலந்து வீணாகிறது என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மட்டக்களப்பில் ஆண்டுதோறும் கேட்கும் பேச்சுத்தான். ஆனால் கணக்கு வேறு.

உலகில் ஆவியாகும் நீரில் ஏறத்தாழ 86 வீதம் கடலிலிருந்தே எழுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பவும் கடலிலேயே பெய்துவிடும். மிச்சம்தான் காற்றோடு கரையேறுகிறது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கன கிலோமீற்றர். கடலிடம் வாங்கிய இந்தக் கடனைத்தான் ஆறுகள் திருப்பிக் கட்டுகின்றன. கார்த்திகையில் வாடைக் காற்று கொண்டுவரும் மழை, பெரும்பாலும் சில நாட்களுக்கு முன் வங்காள விரிகுடாவில் கிடந்த நீர். ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் ஈரத்தோடுதான் புறப்படுகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடுகிறது. உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் பிடிப்பதைப் பிடிக்கட்டும். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களுக்கு அது வேண்டும். அதற்காக முகத்துவாரத்தால் போவதை வீண் என்றால் வாவியில் இறால் பிடிப்பவர்கள் சிரிப்பார்கள்.

உண்மையான இழப்பு எழுவான்கரையில் நடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாம் குடியிருப்பது ஒடுங்கிய மணல் திட்டில். மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நம் கிணறுகளில் ஊறுவது அதுதான். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உவரைத் தள்ளிப் பிடிக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய விதி. மேலே 1 அடி குறைந்தால் என்ன ஆகும் என்பதை அதே விதி சொல்லும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உப்பேறிய கிணறுகளை மோட்டார் வைத்து இறைத்துத் தள்ளினோம். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் கீழிருந்த உவரும் மேலே வந்தது. கிணறுகளைத் தேற்றியது அடுத்தடுத்துப் பெய்த மாரி மழைதான்.

இப்போது அந்த மழை இறங்க இடமில்லை. மதிலிலிருந்து மதில்வரை சீமெந்து, அல்லது பூட்டுக்கல். கூரைப் பீலியின் குழாய் வளவைத் தாண்டி வடிகானுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. என் ஒழுங்கையில் புதிதாகக் கட்டிய வீடுகள் எல்லாமே இப்படித்தான். ஆவணியில் தேநீர் கரிக்கிறது என்று குறைப்படுபவர்களும் அந்த வீட்டுக்காரர்களே.

வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது மலசலகூடக் குழி எங்கே என்று கேட்கும் உள்ளூராட்சி சபைகள், மழைநீர் எங்கே போகும் என்றும் கேட்கலாம். வளவில் ஒரு பகுதி வெறும் மணலாக இருக்கவேண்டும். பீலித் தண்ணீர் சரளைக்கல் நிரப்பிய குழிக்குள் இறங்கவேண்டும். அந்தக் குழியை மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் மட்டும் வெட்டிவிடாதீர்கள். மணல் எதையும் வேகமாகக் கடத்தும். அழுக்கும் கிணற்றுக்கே வந்து சேரும்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி