மீக்கடை மாக்சிக்குக்கும் கம்பத்து (மலாய்க் கிராமத்து) மக்களுக்கும்

வணக்கம்.

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பிடுகிறது, தம்பியோடு சண்டை போடுகிறது. காலைச் சுற்றிச் சிவந்த கோடுகள் மட்டும் இருக்கின்றன. அவை மங்க மாதக்கணக்கில் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடற்கரையில் பிள்ளையைச் சொறிமீன் (ஜெல்லிமீன்) கொட்டியதை, மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கேட்காதவர் இல்லை. நடக்காததும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதனால் அந்தக் கதையை இங்கே மறுபடி எழுதவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி, மண்பாதை முடிகிற இடத்தில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) கடை வைத்திருக்கும் மாக்சிக்குக்கு (மலாயில் அத்தை என்று அழைப்பது).

"அந்த மலாய்க்காரம்மா வினிகர் கொண்டுவந்து ஊற்றினாங்க" என்றுதான் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். ஆனால் வினிகருக்கு முன்னால் அவர் செய்தது ஒன்று இருக்கிறது. சுற்றி நின்றவர்களின் கைகளைத் தடுத்தார். ஆபத்து என்றால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருவர் மினரல் வாட்டர் போத்தலைத் திறந்தார், ஒருவர் ஈர மணலை அள்ளித் தேய்க்கக் குனிந்தார், ஒருவர் கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்தார். எல்லாம் அன்பினால்தான். "ஜாங்ஙான் கோசோக்! ஜாங்ஙான் சிராம் ஆயேர்!" என்று கத்திக்கொண்டே மாக்சிக் ஓடிவந்தார். தேய்க்காதே, தண்ணீர் ஊற்றாதே என்று அவர் போட்ட சத்தத்தில் மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

அது ஏன் அவ்வளவு பெரிய உதவி என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சொறிமீனின் இழை அறுந்து தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்த இழை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுண்ணிய குழல் சுருண்டு கிடக்கும். தோல் பட்டதும் அது இமைப்பதற்குள் பாய்ந்து நஞ்சை இறக்கிவிடும். முதலில் கொட்டும்போதே எல்லா அணுக்களும் வெடித்துவிடுவதில்லை. நிறைய மிச்சம் இருக்கும். அதன் மேல் நல்ல தண்ணீர் பட்டால், உப்பு சட்டென்று குறைவதால், மிச்சம் இருப்பவையும் வெடிக்கும். மணலோ துணியோ போட்டுத் தேய்த்தால் அழுத்தத்தில் வெடிக்கும். கொட்டிய இடத்தில் சிறுநீர் கழித்தால் சரியாகும் என்பது சும்மா பேச்சு. அந்த முதல் நிமிடத்தில் நடக்கவிருந்த கெடுதலை ஒரு மீக்கடைக்காரர் தன் குரலாலேயே நிறுத்தினார்.

பிறகுதான் வினிகர். கடையில் ஊறுமிளகாய் போட வாங்கி வைத்திருந்த பெரிய போத்தல், இன்னும் உடைக்காதது. மிளகாய் ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்த ஜாடியை அவர் தொடவே இல்லை. அந்தச் சாறு பட்டால் புண்பட்ட தோல் வேறு எரிந்து தொலைக்கும். காரத்தைக் கையாண்டு பழகிய ஆளுக்கு அந்த அவசரத்திலும் அது நினைவில் இருந்தது. பிள்ளையைப் படுக்க வைத்து, காலை ஆட்டவிடாமல் ஒருவரைப் பிடிக்கச் சொன்னார். தசை அசைய அசைய நஞ்சு வேகமாகப் பரவும். பிறகு கோடு தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரை, மேலே ஒட்டியிருந்த இழையோடு சேர்த்து, விடாமல் ஊற்றினார். "சத்து, டுவா, தீகா" என்று முப்பது வரைக்கும் வாய்விட்டு எண்ணினார். முதலுதவிக் கையேடுகளும் குறைந்தது 30 விநாடி என்றுதான் சொல்கின்றன. அதன் பிறகே, நாசி லெமாக் கட்டும் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, பலகாரம் எடுக்கும் இடுக்கியால் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வினிகர் ஊற்றாமல் இழையைப் பிடுங்குவதும் தேய்ப்பதைப் போலத்தான், பிடுங்குகிறவர் விரலிலும் கொட்டும்.

வினிகர் ஊற்றியும் பிள்ளை அழுகையை நிறுத்தாததைப் பார்த்துச் சிலர் பதறினார்கள். வினிகர் வலி மருந்து இல்லை. உள்ளே இறங்கிவிட்ட நஞ்சை அது முறிக்காது. இன்னும் வெடிக்காத அணுக்களை முடக்குவதுதான் அதன் வேலை. வலிக்கு, பிறகு துணியில் சுற்றிய ஐஸ் வைத்தார்கள். பாம்புக்கடிக்குப் போடுவதுபோல் இறுக்கிக் கட்டுப்போடலாமா என்று சாரணர் பயிற்சி எடுத்த பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான், ஆனால் சொறிமீனுக்கு அந்தக் கட்டு கூடாது.

இன்னொன்றையும் நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் பால்மரத்துக்காரர்கள், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பால் உறைய ஊற்றும் திராவகத்தையும் மலாயில் 'சூக்கா கெத்தா' என்றுதான் சொல்வார்கள். சூக்கா என்றால் வினிகர். அந்தப் பெயர் இருப்பதால் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். அது ஃபார்மிக் அமிலம். கடையில் விற்கும் கெட்டிப் பதத்தில் தோலையே பொசுக்கிவிடும். சமையலுக்கு விற்கும் சாதாரண வினிகர் போதும். அதில் அசிட்டிக் அமிலம் 4 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். மலிவான செயற்கை வினிகரும் இதற்கு நல்லதுதான்.

மாக்சிக் காசு வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் புதுப் போத்தலோடு போனவர்களையும் உட்கார வைத்துத் தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கொடுத்து அனுப்பினார். அன்று சாயங்காலம் அவர் கடையில் மீ சாப்பிட்டவர்களுக்கு ஊறுமிளகாய் கிடைத்திருக்காது. அவர்களுக்கும் சேர்த்தே நன்றி.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறோம், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடற்கரையில் போனுக்கு லைன் கிடைக்காது என்று தெரிந்து, கப்சாய் மோட்டார் சைக்கிளில் பெரிய ரோட்டுக்குப் பறந்து 999 அவசர எண்ணுக்கு அழைத்து, சூராவையும் (முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடம்) பாலத்தையும் அடையாளம் சொல்லி வழி காட்டிய கம்பத்துப் பையன். மேட்டு மணலில் சிக்காமல் தன் நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய மீனவர். கிளினிக் டேசா என்ற கிராம மருந்தகத்தின் மிஸ்ஸி (தாதி), மூச்சையும் நாடியையும் பார்த்தபடி வழியெல்லாம் பிள்ளையோடு பேசிக்கொண்டே வந்தவர். அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவின் டாக்டர்கள், தாதியர். அலை ஏறி வருவதற்குள் பாயையும் சட்டி பானையையும் செருப்பையும் பொறுக்கி மேலே சேர்த்த பெண்கள். மற்றப் பிள்ளைகளை ஒன்றுவிடாமல் எண்ணி வேனில் ஏற்றிய தோட்டத்து டிரைவர் அண்ணன். கோயிலில் நேர்ந்துகொண்ட எல்லாரும்.

மிஸ்ஸி சொல்லிக்கொடுத்ததையும் எழுதிவிடுகிறோம். பெட்டி வடிவ சொறிமீன் கொட்டினால் சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுபோகலாம். தோலில் சாட்டையால் அடித்தாற்போல் நீளக் கோடுகளும் அவற்றில் குறுக்கே வரிவரியாகவும் தெரிந்தால் அந்த வகைதான் என்று சந்தேகப்பட வேண்டும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, வாந்தி, கடுமையான முதுகு வலி, மயக்கம் எதைக் கண்டாலும் வலி குறையட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பேச்சு மூச்சு இல்லாமல் போனால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நீலக் காற்றுப் பையோடு மிதக்கும் வகை கொட்டினால் மட்டும் வினிகர் வேண்டாம். கடல் தண்ணீரால் கழுவிவிட்டு, கை பொறுக்கும் சுடுநீரில், சுமார் 45 டிகிரியில், 20 நிமிடம் வைக்க வேண்டும். எது கொட்டியது என்று தெரியாவிட்டால் நம்முடைய வெப்பக் கடலில் பெட்டி வகை என்றே வைத்துக்கொண்டு வினிகர் ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

இது நடந்த பிறகு இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. ஒன்று, இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது. இன்னொன்று, மனுக் கொடுத்துச் சிமெண்டு நடைபாதை, கடை வரிசை எல்லாம் கொண்டுவர வேண்டும். இரண்டும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. வாரம் முழுக்க செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள் கிடக்கிற ஆட்களுக்கு, டிக்கெட் இல்லாமல், சத்தம் இல்லாமல், சவுக்கு மரத்தடியில் அடுப்பு மூட்டிப் பசியாற ஓர் இடம் இருக்கிறது. நடைபாதை போட்டால் சொறிமீன் வராமலா போகும்? மலாக்கா நீரிணைத் தண்ணீர் கலங்கல். கண்ணாடி மாதிரி இருக்கும் உயிரைத் தெளிந்த தண்ணீரிலேயே பார்ப்பது கஷ்டம். அலை இல்லாமல் அமைதியாகக் கிடக்கும் நாளும், மழை விட்ட பிறகு ஆற்று முகத்துப் பக்கமும்தான் அதிகக் கவனம் வேண்டும் என்கிறார்கள் மீனவர்கள். காலையில் வலை இழுத்து வருகிறவர்களிடம் "அடா ஓபோர்-ஓபோர்?" (சொறிமீன் இருக்கா?) என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். வலையில் சிக்கியதைப் பிரித்தெடுத்துப் பழகிய வீடுகள் அவை. மாக்சிக்குக்குக் கைவந்ததும் அந்தப் பழக்கம்தான். வற்றிய கரையில் கூழாகக் கிடப்பதைப் பிள்ளைகள் குச்சியால் கிளறவோ மிதிக்கவோ விடாதீர்கள், செத்துக் கிடந்தாலும் கொட்டும். தண்ணீரில் இறங்கும் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டையும் லெகிங்ஸும் போட்டுவிடுங்கள். அந்தக் குழல்கள் மிகக் குட்டை, உடம்போடு ஒட்டிய மெல்லிய துணியையே பெரும்பாலும் தாண்டாது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கடற்கரைகளில் தூண் நட்டு வினிகர் போத்தல் வைத்திருப்பார்கள். அதைத்தான் இங்கேயும் செய்யப் போகிறோம். இது எங்கள் நேர்த்திக்கடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்துத் தலைவர் சம்மதித்துவிட்டார், மாக்சிக் தன் கடைத் தூணைக் காட்டிவிட்டார். கடை பூட்டியிருக்கும் நாளிலும் எட்டும்படி வெளிப்புறத்தில் ஒரு மரப்பெட்டி, வெயில் நேராகப் படாத பக்கம். பூட்டு போட்டால் ஆபத்து நேரத்தில் சாவியைத் தேட வேண்டிவரும், சும்மா விட்டால் குரங்கு திறந்துவிடும். அதனால் அழுத்தித் தூக்கும் கொக்கி போடுகிறோம். உள்ளே 2 லிட்டர் வினிகர் இரண்டு, இடுக்கி, கையுறை, போன் லைன் கிடைக்கும் இடத்தைக் குறித்த மலாய், தமிழ் அட்டை. ஒரு காலுக்கே அரை லிட்டர் போய்விடும், சின்னப் போத்தல் எதற்கும் காணாது. வினிகர் லேசில் கெடாது, ஆனால் மூடி கசியும், யாராவது சமையலுக்கும் எடுத்துப் போவார்கள். கோயில் இளைஞர்கள் மாதா மாதம் பார்த்து நிரப்புவார்கள்.

பெட்டிக்குப் பணம் தருவதாகப் பலர் சொல்கிறீர்கள். பணம் வேண்டாம், வினிகராகவே வாங்கிக் கொடுங்கள். வெள்ளை நிறம், பிளாஸ்டிக் போத்தல், லேபிளில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கண்ணாடிப் போத்தலும் மிளகாய் போட்டதும் வேண்டாம். கோயில் அலுவலகத்தில் கொடுத்தால் போதும்.

நன்றியுடன்,
ஆயர் தாவார் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள்