ஐசியூ மருத்துவர்களுக்கு, லேபிலிருந்து ஒரு திறந்த மடல்

டாக்டர்களுக்கு வணக்கம்.

உயிர்வேதியியல் லேபில் இருந்து எழுதுகிறேன். செப்சிஸ் (நோய்த்தொற்று முற்றி உறுப்புகள் கெடும் நிலை) நோயாளிக்கு லாக்டேட், புரோகால்சிட்டோனின், சிஆர்பி என்று நீங்கள் கேட்கும் ரத்தப் பரிசோதனைகளையெல்லாம் போட்டுத் தருகிறோம். அதில் ஒரு ரிசல்ட்டை மட்டும் காட்டி, "இனி எங்கள் கையில் இல்லை" என்று வீட்டாரிடம் சொல்லிவிடாதீர்கள். ஆள் பிழைப்பாரா மாட்டாரா என்பது ஒற்றை எண்ணில் தெரியாது.

லாக்டேட்டையே எடுத்துக்கொள்வோம். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் ரத்தத்தில் கூடும் பொருள் அது. லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது, சரி. 2016-இல் வந்த செப்டிக் ஷாக் (செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் விழும் நிலை) வரையறையிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் ரத்தம் ட்ரேயிலேயே கிடந்தால், குழாய்க்குள் சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் புளூரைடு இருக்கிறது. ரத்த அழுத்தத்தை ஏற்ற அட்ரினலின் மருந்து ஓடினாலும் லாக்டேட் ஏறும். கல்லீரல் கெட்டிருந்தால் லேசில் இறங்காது. முதல் ரிசல்ட் கூடுதலாக இருந்தால் 2 முதல் 4 மணி நேரத்துக்குள் இன்னொரு சாம்பிள் அனுப்புங்கள். இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதில்தான் சேதி இருக்கிறது.

லேப்காரன் சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன். தென்னமெரிக்காவின் 5 நாடுகளில் 424 செப்டிக் ஷாக் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2019-இல் வெளியானது. ஒரு பிரிவில் லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை. இன்னொரு பிரிவில் ரத்த ஓட்டத்தை அறிய, ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணாடித் தகட்டால் 10 விநாடி அழுத்திவிட்டு, எடுத்ததும் நிறம் 3 விநாடிக்குள் திரும்புகிறதா என்று பார்த்துச் சிகிச்சை. 28 நாளில் இறந்தவர்கள் விரல் பார்த்த பிரிவில் 34.9 சதவீதம், லாக்டேட் பிரிவில் 43.4. புள்ளியியல்படி இதை வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் விரலைப் பார்த்தவர்கள் தோற்கவும் இல்லையே!

அப்புறம் புரோகால்சிட்டோனின், பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் கூடும் புரதம். ஆனால் பெரிய ஆபரேஷன், விபத்துக் காயம், சிறுநீரகக் கோளாறு எதிலும் அது ஏறும். ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்க அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்கிறது 2021-இன் சர்வதேச செப்சிஸ் சிகிச்சை வழிகாட்டி. ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவதற்குத்தான் உதவும். நெதர்லாந்தில் ஓர் ஆய்வில், அது உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ, மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமைத் தொட்டாலோ நிறுத்தலாம் என்று வைத்துப் பார்த்தார்கள். மருந்து நாட்கள் 7-லிருந்து 5 ஆகக் குறைந்தன, இறப்பு கூடவில்லை. நிறுத்தும் எண்ணமே இல்லாமல் தினமும் கேட்டால், ஏறுவது பில் மட்டும்தான்.

ஃபாரத்தில் ரத்தம் எடுத்த நேரத்தையும், ஓடுகிற மருந்தையும் எழுதுங்கள். எழுதாமல் வந்தால் இனி போன் செய்து கேட்போம். நடுராத்திரி என்றாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
நைட் ஷிஃப்ட் லேப் ஊழியன்