முன்வாசலுக்குத் தேக்கு, பின்வாசலுக்கு இரும்பு

கோத்தகிரி

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே? கதவு விஷயத்தைப் போனில் பேசினால் விலையிலேயே போய் நின்றுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

இரண்டு கதவையும் ஸ்டீலில் போட்டுவிடுங்கள், பணம் நான் அனுப்புகிறேன் என்றாய். வயதான இரண்டு பேர் தனியாக இருக்கிறார்களே என்ற உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நம் வீட்டுக்கு முன்பக்கம் வருகிற தொல்லை வேறு, பின்பக்கம் வருகிற தொல்லை வேறு. முன்னால் மழை, பின்னால் கரடி. இரண்டுக்கும் ஒரே கதவு சரிவராது.

முன்வாசலை முதலில் சொல்கிறேன். ஆடி மாதம் மேற்கே கூடலூர்ப் பக்கம் வெளுத்து வாங்கும்போது தொட்டபெட்டா மலையின் மறைப்பில் நமக்குச் சாரலோடு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவதுதான் நமக்கு மழை. கிழக்கு பார்த்த வீடு என்பதால் அது நேராகக் கதவில்தான் அடிக்கிறது. மழை விட்டால் காலை வெயிலும் அதே கதவில். 2009 நவம்பரில் மலை முழுக்க மண் சரிந்ததே, அந்த மழையில்தான் கதவின் அடிச்சட்டத்தில் முதலில் கறுப்பு விழுந்தது. இப்போது ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போகிறது. வெளியே இழுத்தால் முனையில் காபித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது.

நிலை அப்படி இல்லை. தாத்தா வைத்த தேக்கு நிலை. கீழ்மூலை இரண்டிலும் பலம் கொண்டமட்டும் அழுத்திப் பார்த்தேன், முனை ஏறவில்லை. கடைகளில் விற்கிற ஸ்டீல் கதவு அதற்கான நிலையோடு சேர்ந்துதான் வரும். அதைப் போட வேண்டுமானால் இந்த நிலையை இடித்து எடுக்க வேண்டும். வெள்ளிதோறும் அம்மா மஞ்சள் குங்குமம் வைக்கிற நிலை அது. நன்றாக இருப்பதைப் பெயர்க்க எனக்கு மனசு வரவில்லை. கதவை மட்டும் மாற்றினால் போதும்.

சரி, என்ன மரம்? தோட்டத்தில் நிற்கிற சில்வர் ஓக்கை அறுத்தால் என்ன என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நம் மலையில் மரம் வெட்ட 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அது கிடைத்தாலும் சில்வர் ஓக் மழையில் நிற்கிற மரம் இல்லை. கற்பூர மரம் காயக் காய முறுக்கிக்கொண்டு வெடிக்கும். வேங்கை நல்ல உறுதி, ஆனால் நனைந்தால் மஞ்சளாகக் கறை விடும். வெள்ளைச் சுவரும் படியும் வீணாகும். சுற்றி வந்து தேக்கில்தான் நிற்கிறேன். அதில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது, ஈரத்துக்கு அதிகம் உப்புவதில்லை, கரையானும் எளிதில் தொடாது.

ஆனால் தேக்கு என்று பெயர் சொன்னால் போதாது. மேட்டுப்பாளையத்தில் ஒரு மரக்கடையில் அடுக்கி வைத்த பலகை எல்லாவற்றிலும் சாக்பீஸில் ‘பர்மா’ என்று எழுதியிருந்தது. மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது 2014இல். இப்போது நம் கடைகளுக்கு வருவதில் நிறைய ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டம் போட்டு வளர்த்த இளந்தேக்கு. ஊர்ப்பெயரைக் கேட்பதை விடு, பலகையின் முனையைப் பார் என்கிறார் நம் ஆசாரி. நடுவே பொன்னிறமாக இருப்பது வைரம், ஓரத்தில் வெளிறிக் கிடப்பது வெள்ளை. தேக்குக்கு உள்ள குணமெல்லாம் வைரத்தில்தான். வெள்ளை சீக்கிரம் உளுத்துப்போகும். ஓரத்து வெள்ளையைப் பாலிஷ் போட்டு நிறம் ஏற்றிவிட்டால் நமக்குக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் ரெடிமேட் கதவு வேண்டாம், மரமாக வாங்கி இங்கே வைத்துச் செய்வோம் என்று இருக்கிறேன்.

இங்கே வைத்து என்பதை அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் உயரம், நாம் ஏறக்குறைய 1,800 மீட்டர். கீழே வெயிலில் காய்ந்த மரம் மேலே வந்து மஞ்சுக்காற்றைக் குடித்தால் அகலவாக்கில் உப்பும். கீழேயே அளந்து செய்து கொண்டுவந்த கதவுகள் ஐப்பசியில் நிலையில் இறுகிக்கொண்டு, தோளால் முட்டித் திறக்கிற வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. பலகையைக் கொண்டுவந்து, இடையிடையே குச்சி வைத்து, முன்னறையில் ஒரு மாதமாவது அடுக்கிப் போட வேண்டும். மரம் இந்த ஊர்க் காற்றுக்குப் பழகிய பிறகுதான் ரம்பம் வைப்பது. சட்டத்துக்குள் நிற்கிற பலகைக்குப் பசை போடக்கூடாது. சட்டத்தில் வெட்டிய காடியில், அந்தப் பள்ளத்தில், சும்மா நிற்கட்டும், உப்பவும் சுருங்கவும் இடம் இருக்கும். கதவைச் சுற்றி 3 மில்லி இடைவெளி. அப்புறம், கதவின் தலைப்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் கட்டாயம் எண்ணெய் ஏற்ற வேண்டும். கண்ணில் படாத இடம் என்று யாரும் பூசுவதே இல்லை. பழைய கதவுக்குள் தண்ணீர் ஏறியது அந்த வழியாகத்தான். வெளிப்புறம் வார்னிஷ் அடித்தால் வெயிலுக்குச் சீவல் சீவலாக உரியும், மறுபடி அடிக்க எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும். எண்ணெய் என்றால் வருஷம் ஒருமுறை மழைக்கு முன்னால் நானே துணியால் தேய்த்துவிடுவேன். வாசலுக்கு மேலே சன்ஷேடையும் மூன்றடிக்கு நீட்டச் சொல்லியிருக்கிறேன். எந்த மரமானாலும் முதலில் தண்ணீர் மேலே விழாமல் பார்க்க வேண்டும்.

பின்வாசலுக்கு நீ சொன்னதையே செய்கிறேன். அம்மா உன்னிடம் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். கரடி இப்போது தேயிலைக்குள் இருந்து நேராகத் துணி துவைக்கிற கல் வரைக்கும் வருகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரேஷன் கடை, சத்துணவுக்கூடம், கோயில் என்று எண்ணெய் வாசனை எங்கே இருக்கிறதோ அங்கே கதவை உடைத்திருக்கிறது. நமக்குப் பின்கதவு என்றால் அடுப்படிக் கதவு. அங்கே இருப்பது பழைய பிளஷ் டோர், ஒட்டுப்பலகையில் செய்த தட்டைக் கதவு, தண்ணீர் பட்டுப் பட்டு அடியில் ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கிறது.

பிவிசி என்கிற பிளாஸ்டிக் கதவு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி கதவு எல்லாம் பார்த்தேன். தண்ணீருக்கு அசையாது, குளியலறைக்கு அருமை. ஆனால் கரடி தள்ளினால் நிற்காது. ஆகவே இரும்புதான், துத்தநாகம் ஏற்றிய தகடாக, 1.2 மில்லிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டொரன்டோவில் உன் வீட்டுக் கதவுக்குள் நுரை அடைத்திருக்கும். இங்கே மலிவாக வருவதில் உள்ளே தேன்கூடு மாதிரி மடித்த காகிதம்தான். மார்கழிக் குளிரில் வெளித்தகடு சில்லிட்டு, உள்ளே அடுப்படி ஆவி பட்டால் தகடு வியர்த்து நீர் வழியும். காகிதம் ஊறிவிடும், அடி ஓரம் துருப்பிடிக்கும். நுரை அடைத்ததே வேண்டும் என்று சொல்லிவிட்டேன், விலை கொஞ்சம் கூடத்தான்.

இன்னொன்று, இந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறக்கிற கதவை வெளியிலிருந்து தள்ளினால் அத்தனை பலமும் தாழ்ப்பாளின் நாலு ஸ்க்ரூவில் விழும். வெளியே திறக்கிற கதவு என்றால் தள்ளத் தள்ள நிலையோடு போய் அமரும், நிலையைத் தாண்டி வர முடியாது. அதற்கு நிலை சுவரில் ஆழமாகப் போல்ட் போட்டு நிற்க வேண்டும், கீல் ஆணியும் வெளியிலிருந்து கழற்ற முடியாத வகையாக இருக்க வேண்டும். திறக்கும் முன் வெளியே பார்க்க அம்மாவின் கண் மட்டத்தில் ஒரு கண்ணாடித் துளை. இரும்புக் கதவு போட்டால் அடுப்படி இருட்டாகிவிடும் என்று அம்மா சண்டை போட்டாள், அது நியாயம்தான். கதவுக்கு மேலே கம்பி வைத்த வென்டிலேட்டர் போடுகிறோம், வெளிச்சமும் வரும், ஆவியும் போகும். எண்ணெய் டின்னையும் வெல்லப் பானையையும் முன்னறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

நீ பணம் அனுப்புவதாக இருந்தால் பின்கதவுப் பூட்டுக்கு அனுப்பு. அம்மாவுக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை, மேல் தாழ்ப்பாளை நான்தான் போடுகிறேன். ஒரே சாவியில் மேலும் கீழும் நடுவிலும் சேர்ந்து பூட்டுகிற வகை வந்திருக்கிறது, நான் ஊரில் இல்லாத நாளிலும் அவளே பூட்டிக்கொள்ளலாம். முன்கதவுச் செலவு என்னுடையது, அதில் நீ தலையிட வேண்டாம்.

தை பிறந்ததும் ஆசாரியோடு மரம் பார்க்கப் போகிறேன். பூட்டைப் பற்றி மாப்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டு, அதற்குள் பதில் போடு.

அன்புடன்,
அப்பா