பச்சை ஒளியை இலை வீணாக்குவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில் ஒளிச்சேர்க்கை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக இருந்தது, படங்களும் நன்றாக வந்திருந்தன. ஆனால் ஒரு விஷயத்தை அப்படியே விட மனமில்லை. இலை பச்சை ஒளியைத் தொடுவதே இல்லை, முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுகிறது, பச்சை ஒளி செடிக்கு எதற்கும் உதவாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அது தவறு. இருபது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன், இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் மனதிலிருந்து எடுப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது.

உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வகுப்புக்கு எடுத்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "அப்போ எங்க வீட்டு மாடியில பச்சை வலைக்குள்ள இருக்கிற தக்காளிச் செடி எப்படி மிஸ் உயிரோட இருக்கு?" நல்ல கேள்வி. வலையின் கண்கள் வழியாக எல்லா நிறமும் கலந்த வெயில் உள்ளே வருகிறது, இழை வழியாகக் கொஞ்சம் பச்சை ஒளியும் வருகிறது, அந்தப் பச்சையையும் செடி எடுத்துக்கொள்கிறது. இதைச் சொன்னதும் அவள் கட்டுரையைக் காட்டி, "ஆனா இதுல வேற மாதிரி போட்டிருக்கே" என்றாள். அச்சில் வந்ததைப் பிள்ளைகள் நம்புகிறார்கள் சார், அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். எல்லாப் பாடநூலிலும் இருக்கும் அந்த இரண்டு சிகரம் உள்ள வரைபடத்திலிருந்துதான். இலையின் பச்சை நிறமியான பச்சையத்தில் இரண்டு வகை: பச்சையம் ஏ சுமார் 430, 662 நானோமீட்டர் அலைநீளத்திலும் (ஒன்று நீலப் பக்கம், ஒன்று சிவப்புப் பக்கம்), பச்சையம் பி சுமார் 453, 642 நானோமீட்டரிலும் ஒளியை அதிகமாக உறிஞ்சுகின்றன, நடுவில் பச்சைப் பகுதியில் பெரிய பள்ளம். வரைபடம் சரிதான். ஆனால் அது இலையை அரைத்து, நிறமியைக் கரைப்பானில் இறக்கி, குழாயில் வைத்து அளந்தது. உயிருள்ள இலை குழாய்க்குள் இருக்கும் சாறு இல்லையே. இலையின் அடிப்பாதியில் பஞ்சுத் திசு இருக்கிறது, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே காற்று இடைவெளி. அங்கே நுழைந்த ஒளி நேராக வெளியேறிவிட முடியாது, செல் சுவரில் மோதித் திரும்பி, மறுபடி மோதித் திரும்பி அலைகிறது. செல்லுக்குள் பச்சையத்தைத் தாங்கியிருக்கும் பசுங்கணிகம் ஒன்றை ஒரு முறை கடக்கும்போது பச்சை ஒளி பிடிபடும் வாய்ப்பு குறைவு, ஆனால் பல முறை கடந்தால் கடைசியில் பிடிபட்டுத்தான் ஆக வேண்டும். சாலட்டில் போடும் லெட்யூஸ் கீரை மாதிரி மெல்லிய இலையே தன்மேல் விழும் பச்சை ஒளியில் சுமார் பாதியை உறிஞ்சுகிறது, ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காத மரங்களின் தடித்த இலைகளில் அது 90 சதவீதம் வரை போகிறது. அப்புறம் ஏன் பச்சையாகத் தெரிகிறது? உறிஞ்சாமல் திரும்பி வரும் ஒளியில் சிவப்பும் நீலமும் பச்சையைவிடக் குறைவு, நம் கண்ணும் பச்சைக்குத்தான் அதிகம் கூர்மை.

உறிஞ்சினால் போதுமா, அது உணவாக மாற வேண்டாமா என்று கேட்கலாம். கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளில் ஒவ்வொரு அலைநீளமாக அளந்து 1972இல் வெளியிட்டார். இலைக்குள் சிக்கிய பச்சை ஒளி, சிக்கிய நீல ஒளிக்குச் சளைக்காமல் வேலை செய்கிறது என்பது அதில் தெரிந்தது. நீல ஒளித்துகளில் ஆற்றல் அதிகம்தான், ஆனால் பச்சையம் அதை வாங்கிய மறுகணமே உபரியை வெப்பமாக விட்டுவிட்டுச் சிவப்பு ஒளி ஏற்றிவிடும் அதே ஆற்றல் படிக்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்துதான் கைமாற்று வேலை ஆரம்பம். மாடிக்குக் கான்கிரீட் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்களே, அதுபோல நூற்றுக்கணக்கான நிறமி மூலக்கூறுகள் அந்த ஆற்றலை வாங்கி வாங்கி, ஒளிச்சேர்க்கை வேலை தொடங்கும் இடமான வினை மையத்தில் கொண்டு சேர்க்கின்றன. எந்த நிறத்தில் வந்த ஒளி என்பது அந்த மையத்துக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. உச்சி வெயிலில் சிவப்பும் நீலமும் இலையின் மேலடுக்கிலேயே தீர்ந்துவிடுகின்றன, மேலே இருக்கும் பசுங்கணிகங்கள் வயிறு நிரம்பி மிச்சத்தை வெப்பமாகக் கழிக்கின்றன. அந்த நேரத்தில் கீழடுக்குக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் பச்சை ஒளிதான். பயனற்றது என்று நீங்கள் எழுதிய ஒளி அங்கே சோறு போடுகிறது!

கட்டுரையில் ஜெர்மன் விஞ்ஞானி எங்கெல்மானின் 1882 சோதனையைச் சேர்த்திருந்தது எனக்குச் சந்தோஷம். பாசி இழை மேல் நிறம் நிறமாகப் பிரிந்த ஒளியின் வண்ணப்பட்டையை விழவைத்து, ஆக்சிஜனைத் தேடி பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் மொய்ப்பதை அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். அவர் பார்த்தது உண்மை. ஆனால் அது ஒற்றை இழை, பச்சை ஒளி ஒரு தடவை கடந்து வெளியே போய்விடும், அலைவதற்கு உள்ளே இடமில்லை. அதை வைத்து மாமரத்து இலையைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது.

சிவப்பு இலைகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததும் குறைதான், பிள்ளைகள் முதலில் கேட்பதே அதைத்தான். நான் வகுப்பில் ஒரு கட்டுச் சிவப்புத் தண்டுக்கீரையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காட்டுவேன். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் பீட்ரூட் சாறு போல ஆகிவிடும், கரண்டியால் தூக்கிப் பார்த்தால் இலை பச்சை! பின் பெஞ்சுப் பையன்கள்கூட எழுந்து வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சிவப்பு ஒளிச்சேர்க்கையில் சேராத பீட்டாலைன் என்ற நிறமி, தண்ணீரில் கரைந்து போய்விடுகிறது, பச்சையம் இத்தனை நாளும் அதற்கு அடியில் இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் எல்லாச் சிவப்பும் இப்படி இல்லை. ராமேஸ்வரம் பக்கம் எடுக்கும் கஞ்சிப்பாசி ஒரு சிவப்புப் பாசி, அந்த இனத்தில் உள்ள ஃபைக்கோஎரித்ரின் என்ற நிறமி பச்சை ஒளியைத்தான் குறிவைத்துப் பிடித்துப் பச்சையத்திடம் கொடுக்கிறது, ஏனென்றால் ஆழம் கூடக்கூட சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது.

இதில் பணமும் போகிறது. என் மாணவன் ஒருவனின் அப்பா, பச்சை ஒளி வீண் என்ற இதே பேச்சை ஒரு கடையில் கேட்டு, மாடித்தோட்டத்து நாற்றுகளுக்கு, பச்சையை விட்டுச் சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா நிற எல்.இ.டி. விளக்குகளை நல்ல விலை கொடுத்து வாங்கினார். அந்த விளக்கில் செடி வளரும், அதை மறுக்கவில்லை, மின்சாரமும் குறைவாகப் பிடிக்கலாம். ஆனால் அந்த வெளிச்சத்தில் இலையெல்லாம் கறுப்பாகத் தெரிந்ததால், அசுவினிப் பூச்சி ஏறியதும் அடி இலை மஞ்சளானதும் அவர் கண்ணுக்குப் படவே இல்லை, பாதி நாற்று போனபிறகுதான் கவனித்தார். வெள்ளை விளக்கே போதும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள் சார். இலைப் படத்தில் பச்சை அம்பு முழுவதும் வெளியே பாய்வதாக வரைந்திருக்கிறீர்கள், அதை மாற்றி, தடித்த பச்சை அம்பு உள்ளே போய் வளைந்து வளைந்து அலைவதாகவும், மெல்லிய ஒன்று மட்டும் வெளியே வருவதாகவும் வரையச் சொல்லுங்கள். இடம் இருந்தால் கீரைச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுப்புப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும் என்ற குறிப்போடு.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்