வெறிச்சோடவில்லை எங்கள் ஏரி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் எங்கள் காவேரிப்பாக்கம் ஏரியின் படம் வந்திருந்தது. வெடித்த மண், ஓர் ஆடு, கீழே 'வெறிச்சோடிய ஏரி' என்று ஒரு வரி. படம் எடுத்தவர் கரை மேலேயே நின்று திரும்பிவிட்டார் போலிருக்கிறது. நான் இரண்டு எருமை வைத்திருப்பவன். விடியற்காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு எருமைகளை ஏரிக்குள் ஓட்டினால், உச்சி வெயில்வரை அங்கேதான் இருப்பேன்.

வலசை வாத்துகள் பங்குனியோடு கிளம்பிவிடுகின்றன. பொங்கலுக்குப் பைனாகுலரோடு பறவைகளைக் கணக்கெடுக்க வந்த பிள்ளைகளும் அப்புறம் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் தண்ணீர் மதகோரம் குட்டையாகச் சுருங்கும்போதுதான் நத்தைகுத்தி நாரைக்கு விருந்து. நேற்று எண்ணினேன், 43 இருந்தன. வளர்ந்த நாரை அலகை மூடினாலும் நடுவே ஓர் இடுக்கு தெரியும். சிலவற்றுக்கு அந்த இடுக்கே இல்லை. அவை இந்த வருஷத்துக் குஞ்சுகள். வளர்ந்த பிறகுதான் அந்த இடுக்கு விழும்.

குட்டையோரக் கோரையில் சிவப்புத் தட்டான்கள் வாலைச் சூரியனுக்கு நேராக நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்தால் உடம்பில் வெயில் குறைவாகப் படுமாம், சின்ன மகள் சொன்னாள். இத்தனை வருஷம் நான் அதைத் திமிர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தத் தட்டானைப் பறந்தபடியே கவ்விக்கொண்டு போய், கருவேலங்கிளையில் நாலு அடி அடித்து விழுங்குகிறது பஞ்சுருட்டான் குருவி. அதன் வளை பக்கத்து மண்மேட்டிலேயே இருக்கிறது.

நான் எழுத வந்தது ஆள்காட்டிப் பறவைக்காக. காய்ந்த தரையில், வெட்டவெளியில் நாலு முட்டை இடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. லேசான பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கல். முட்டையும் மண்கட்டி நிறம்தான். வெயில் ஏறினால் குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். பொரிக்க நாலு வாரம் ஆகும். வண்டல் அள்ள டிராக்டர் இறங்குவதும் இதே நாட்களில்தான். போன வருஷம் நான் தினமும் பார்த்துவந்த முட்டைகள்மேல் சக்கரம் ஏறிவிட்டது. ஓட்டிய பையனைக் குறை சொல்ல மாட்டேன். நான் கைகாட்டிய பிறகும் உடைந்த ஓடு அவன் கண்ணுக்குப் படக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வண்டலே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் என் நிலத்துக்கு எட்டு லோடு அடித்தவன்தான். வண்டி இறங்குவதற்கு முந்தின நாள் யாராவது ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். தேடவே வேண்டாம், ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தித் தன் இடத்தைத் தானே சொல்லிவிடும். அங்கே குச்சி நட்டுத் துணி கட்டி, அந்தத் துண்டு நிலத்தை மட்டும் ஆனி முடியும்வரை விட்டுவிடலாம். குச்சியைப் பத்தடி தள்ளி நட வேண்டும், பக்கத்தில் நட்டால் காக்கை வந்து உட்கார்ந்து முட்டையைப் பார்த்துவிடும். மண் எடுக்க அனுமதி கொடுக்கிற அதிகாரிகள் அந்தத் தாளிலேயே இதையும் ஒரு வரி சேர்க்கலாமே.

இந்த வருஷம் நானே இரண்டு இடத்தில் நட்டிருக்கிறேன், பழைய பச்சை லுங்கியைக் கிழித்துக் கட்டி. டிராக்டர்காரர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போகிறார்கள். உங்கள் படக்காரர் மறுபடி வந்தால் கரையை விட்டு இறங்கி மதகுப் பக்கம் வரச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
எருமை மேய்க்கும் வாசகர்,
காவேரிப்பாக்கம்.