16 லட்சம் கறுப்புப் பணத்துக்கு நாங்கள் எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் சம்பளத்தையெல்லாம் போனுக்கும் ஹோட்டலுக்கும் விட்டுவிட்டு வீடு வாங்க முடியவில்லை என்று புலம்புகிறார்கள் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பெரியவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்றரை வருடமாக நானும் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை வீடு தேடி அலைந்திருக்கிறோம், எங்கே இடிக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். மாதத் தவணை எங்களைத் தடுக்கவில்லை. அதைக் கட்டிவிடுவோம். தடுப்பது பத்திரத்தில் வராத பணம்.

சேலையூர் பக்கம் ஒரு பழைய ஃபிளாட் பார்த்தோம். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, 850 சதுர அடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு வேப்பமரம் கைக்கு எட்டும். என் மனைவி மேடையைச் சாண் போட்டு அளந்து, கிரைண்டர் எங்கே, குடத்தை எங்கே வைப்பது என்று வரை யோசித்துவிட்டாள். விலை 58 லட்சம். சரி என்றோம். வீட்டுக்காரர் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் இரண்டு எண் எழுதினார். 42, அதற்குக் கீழே 16. "பத்திரம் 42-க்குத்தான் தம்பி, மீதியை கேஷா கொடுத்துடுங்க, எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்றார்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை உள்ள வீட்டுக் கடனுக்கு வீட்டின் மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் தருவார்கள், பத்திரச் செலவை அதில் சேர்க்க மாட்டார்கள். உண்மை விலை 58 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் கடன் 46 லட்சத்து 40 ஆயிரம் கிடைக்கும், கையிலிருந்து 11 லட்சத்து 60 ஆயிரம், முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5 லட்சத்து 22 ஆயிரம், ஆக 17 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு வருடம் சேர்த்தது, அம்மா தந்தது எல்லாம் சேர்த்து அதை எப்படியோ தேற்றியிருந்தோம். அதுவே 42-க்குப் பத்திரம் என்றால் கடன் 33 லட்சத்து 60 ஆயிரத்தோடு நின்றுவிடும். கையிலிருந்து 28 லட்சத்துக்கு மேல் வேண்டும், அதில் 16 லட்சம் கட்டுக்கட்டாக ரொக்கம். நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அவள் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாகத்தான் வருகிறது. ஏடிஎம்மில் எடுத்ததைத் தவிர வேறு கேஷை நாங்கள் கண்டதில்லை.

நகையை வையுங்கள், பர்சனல் லோன் போடுங்கள் என்றார் தரகர். பர்சனல் லோன் தவணை ஓடினால் வீட்டுக் கடன் தகுதியே குறைந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்காரரையும் வில்லன் என்று சொல்ல மாட்டேன். அவர் வாங்கியபோது அவரும் ஒரு பகுதியை கேஷாகத்தான் கொடுத்தாராம், அதனால் அவர் பத்திரத்தில் விலை குறைவு, இப்போது முழு விலையைக் காட்டினால் இல்லாத லாபத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். அப்படியானால் நான் வாங்கி, நாளைக்கு விற்கும்போது இதே காலண்டர் தாளை இன்னொரு சின்னப் பையனிடம் நீட்ட வேண்டுமா? வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் அதே அளவு அபராதம் என்று 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. நாங்கள் பார்த்த பதினோரு பழைய வீடுகளில் ஒன்பதில் கேஷ் கேட்டார்கள், ஒருவர்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை.

புது ஃபிளாட் வாங்க வேண்டியதுதானே என்பார்கள். அந்தப் பக்கம் நாங்கள் பார்த்த புதுசெல்லாம் 75 லட்சத்துக்கு மேல். கட்டிக்கொண்டிருப்பது என்றால் 5 சதவீதம் ஜிஎஸ்டி, சாவி கைக்கு வரும்வரை வாடகையும் தவணையும் சேர்ந்தே ஓடும்.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 2023 டிசம்பரிலிருந்து பில்டரிடம் முதல் விற்பனையாக வாங்கும் ஃபிளாட் 50 லட்சம் வரை இருந்தால் முத்திரைத்தாள் 4 சதவீதம்தான், பதிவுக் கட்டணத்தோடு 6. நல்ல காரியம். ஆனால் அதே 50 லட்சத்துக்குள் பழைய ஃபிளாட் வாங்குகிறவனுக்கு முழு 9 சதவீதம். கையில் காசு குறைந்தவன்தானே பழைய வீட்டுக்குப் போகிறான்? பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்தது, அதுவும் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். சென்னையைச் சுற்றி அந்த விலைக்கு நாங்கள் ஒரு ஃபிளாட்கூடப் பார்க்கவில்லை.

சேலையூர் வீடு ஒரு மாதத்துக்குள் போய்விட்டது, வாங்கியவர் கேஷை ஒரே தவணையில் கொடுத்தாராம். நாங்கள் வாடகை ஒப்பந்தத்தை இன்னும் பதினோரு மாதத்துக்குப் புதுப்பித்தோம்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வீடு வாங்குகிறவர், உண்மை விலையைப் பத்திரத்தில் எழுதினால், அது பழைய ஃபிளாட்டாக இருந்தாலும் அந்த 4 சதவீதத்தையே வாங்குங்கள். அப்புறம் பத்திர விலை, அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைத் தாண்டிவிட்டால் போதும், மேலே எதுவும் கேட்பதில்லை என்கிற வழக்கத்தை விட்டுவிட்டு, ஒரே தெருவில் ஒரே வருடத்தில் பதிவான விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்குப் பிரிவில் உட்காருகிற எனக்கே ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை