‘பா’ என்றும் ‘க’ என்றும் வெட்டிய பாத்திரங்கள்

லண்டன் எட்ஜ்வேரில் எங்கள் தெருக்காரர்களுக்கும், பர்ன்ட் ஓக் பாத்திரக்கடை அண்ணனுக்கும், அவசரத்தில் பெயர் கேட்காமல் விட்ட இன்னும் சிலருக்கும் வணக்கம்.

யூதர்களின் பஸ்கா பண்டிகையான பெசாக், 2025-க்கானது முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மா சொல்லச் சொல்ல, அவருடைய மகள் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் எழுதி ஜெப ஆலயத்து அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டார். அதில் நான்கு இடத்தில் என்னைப் புகழ்ந்திருக்கிறது. வேலை செய்தவர்களில் பாதிப்பேர் விட்டுப்போயிருக்கிறார்கள். அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான் என் பங்குக்கு இந்த மடல். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்களுக்கு நேரில் சொல்லியாகிவிட்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஜனவரியில் ஒரு ராத்திரி மாடியில் குழாய் வெடித்து, சாமான் அறையின் மேற்கூரை ஊறி, அப்படியே பெட்டிகள்மேல் விழுந்தது. ஆறு பெட்டி. அத்தனையும் வருஷத்துக்கு எட்டு நாள் மட்டும் வெளியே வரும் பெசாக் பாத்திரங்கள். பீங்கான் நொறுங்கிப்போயிற்று. எனாமல் சட்டிகள் துருப்பிடித்தன. மரக்கரண்டி எல்லாம் பூஞ்சை. மிஞ்சியது ஒரு வெள்ளிக் கோப்பையும், கத்தி, முள்கரண்டிக் கட்டுகளும்தான். மார்ச்சில் இடுப்பு அறுவை முடிந்து வீடு திரும்பிய பாட்டியம்மா, நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தப் பெட்டிகளைத்தான் கேட்டார்.

“அலமாரி நிறைய வேறு பாத்திரம் இருக்கிறதே” என்றேன். எனக்கு என்ன தெரியும்? தூத்துக்குடியில் ஞாயிறு பள்ளியில் பஸ்கா, புளிப்பில்லாத அப்பம் என்று கதை கேட்டதோடு சரி.

எதிர்வீட்டு ஆன்ட்டி, முதல் நன்றி உங்களுக்கு. என்னை உட்காரவைத்து, டீ கொடுத்து, பேனாவும் தாளும் எடுத்துவரச் சொன்னீர்கள். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியம். இவற்றின் மாவில் தண்ணீர் பட்டு, பிசையாமல் 18 நிமிடம் கிடந்தால் அது ஹாமெட்ஸ். பெசாக்கில் தின்னவும் கூடாது, வீட்டில் உடைமையாக வைத்திருக்கவும் கூடாது. சூடான உணவின் ருசியைச் சட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே வருஷம் முழுக்கப் புழங்கிய சட்டி கழுவியிருந்தாலும் உதவாது. இதில் பாலுக்கும் கறிக்கும் வேறு வேறு பாத்திரம் என்பது எப்போதும் உள்ள சட்டம். ஆக, வீட்டுக்கு நாலு செட். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டு மாமி ‘பத்து’ என்று சொல்லி, சாதம் தொட்ட கையால் தயிர்ப் பானையைத் தொடவிடமாட்டார். அந்த மாமியிடம் வளர்ந்தவளுக்கு இது புரியாமலா போகும்?

அப்புறம் பெருங்காயக் கதை. மாடியில் என் அறையில் சின்ன மின் அடுப்பு வைத்து எனக்கென்று சமைத்துக்கொள்கிறேன். “என் அலமாரியில் ரொட்டியே கிடையாது, அரிசி, பருப்பு, கடுகுதான்” என்று பெருமையாகச் சொன்னேன். ஆன்ட்டி சிரித்தார். அரிசி, பருப்பு, கடுகு, எள் எல்லாம் ‘கிட்னியோத்’ என்ற இன்னொரு பட்டியலாம். ஹாமெட்ஸ் இல்லைதான், ஆனாலும் பாட்டியம்மாவைப் போல மத்திய, கிழக்கு ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் பெசாக்கில் அவற்றையும் சாப்பிடுவதில்லை. ஸ்பெயின் வழி வந்தவர்களில் பலர் அரிசி சாப்பிடுவார்கள். நான் போயும் போயும் அரிசி தொடாத வீட்டில் வந்து மாட்டியிருக்கிறேன். சரி, போகட்டும் என்று பார்த்தால், ஆன்ட்டி பூதக்கண்ணாடி வைத்து என் பெருங்காய டப்பாவைப் படித்தார். அதில் கோதுமை மாவு! கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அசல் ஹாமெட்ஸ், அதுவும் என் கையால் அந்த வீட்டுக்குள்.

ராத்திரி பத்தரை மணிக்கு யூத மதகுருவான ரபியைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். ஐயா, தூக்கத்திலிருந்து எழுந்து பேசினீர்கள் என்பது உங்கள் குரலிலேயே தெரிந்தது. பெருங்காயம் என்றால் என்ன என்று பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டீர்கள். அது என்னுடைய உடைமை, பாட்டியம்மாவுடையது இல்லை. என் அறையிலேயே மூடி இருக்கட்டும், கீழே மட்டும் வரவேண்டாம் என்று சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகும் மூன்று தடவை கூப்பிட்டேன். மன்னிக்கவும்.

இப்போது பர்ன்ட் ஓக் அண்ணன். மலிவாக, புதிதாக, உலோகத்தில் வேண்டும் என்று ஆன்ட்டி பட்டியல் கொடுத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் எவர்சில்வர்தான். சட்டி, அடுக்கு, வடிதட்டு, கரண்டி, கிண்ணம் என்று 42 உருப்படி. எல்லாவற்றிலும் இரண்டு பங்காக எடுத்துவைத்ததைப் பார்த்து, “என்ன தங்கச்சி, கலியாண வீடோ?” என்று கேட்டீர்கள். விஷயத்தைச் சொன்னதும் 122 பவுண்டு கணக்கில் 100 போதும் என்றீர்கள். அதைவிடப் பெரிய உதவி அடுத்ததுதான்.

பொதுவாகக் கறிப் பாத்திரத்துக்குச் சிவப்பும் பால் பாத்திரத்துக்கு நீலமும் அடையாளம் வைப்பார்கள். பாட்டியம்மாவுக்குக் கண்பார்வை மங்கி மூன்று வருஷம் ஆகிறது. சிவப்பும் நீலமும் அவருக்கு ஒரே சாம்பல். பழைய சட்டிகளைக் கையில் எடுத்த கனத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். புது எவர்சில்வரில் அந்த வித்தை நடக்காது. இதைப் புலம்பலாகச் சொன்னேன், அவ்வளவுதான். நீங்கள் கல்லாவுக்கு அடியிலிருந்து சுத்தியலும் சின்ன உளியும் எடுத்தீர்கள். ஊரில் சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவதைப்போல, விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் தட்டி 16 பாத்திரத்தில் ‘பா’, 23 பாத்திரத்தில் ‘க’. முட்டை, உருளைக்கிழங்குக்கான மூன்று பொதுச் சட்டிகளில் எழுத்து இல்லை. கடையில் ஆள் காத்துக்கொண்டிருக்க, ஒன்றரை மணி நேரம் குனிந்தே உட்கார்ந்திருந்தீர்கள்.

பாட்டியம்மா அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கத் தடவிப்பார்த்தார். “இதில் ஒரு கால் தள்ளி நிற்கிறது, அப்படியானால் பால்” என்றார். துணைக்காலுக்கு இப்படியும் ஒரு உபயோகம். அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் தவறவில்லை.

பதினான்காம் எண் வீட்டுத் தம்பிகள் இருவருக்கும் நன்றி. யூதரல்லாதவரிடம் வாங்கிய புது உலோகப் பாத்திரத்தை, கண்ணாடிப் பாத்திரத்தைப் புழங்கும் முன் மிக்வே என்ற சடங்குத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுக்கவேண்டும். பாத்திரத்துக்கென்றே தனித் தொட்டி இருக்கிறது. தண்ணீர் எல்லா இடமும் படவேண்டும் என்பதால் ஸ்டிக்கரின் பசைகூட இருக்கக்கூடாது. எவர்சில்வர் ஸ்டிக்கரைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 42 ஸ்டிக்கர். சுடுதண்ணீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டி என் விரல் வீங்கிவிட்டது. பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக்கி, காரில் கொண்டுபோய் ஒவ்வொன்றாக முக்கிக் கொண்டுவந்தார்கள்.

ஜெப ஆலயத்து வண்டி நிறுத்துமிடத்தில் கொதிக்கும் அண்டாவோடு நின்ற இளைஞரே, உங்கள்மேல் அன்றைக்கு எனக்குக் கோபம், இன்றைக்கு நன்றி. புதிதாக வாங்க முடியாத சில பழைய உலோகச் சாமான்களைக் கொதிநீரில் முக்கிப் பெசாக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாள் முழுக்கப் புழங்காமல் வைத்திருந்து, பளிச்சென்று தேய்த்துக் கொண்டுவரவேண்டும். நான் தேய்த்துத்தான் கொண்டுவந்தேன். நீங்கள் மூடியின் கைப்பிடி ஆணியில் நகத்தை வைத்து, உள்ளே ஒளிந்திருந்த கறுப்பைக் காட்டித் திருப்பி அனுப்பினீர்கள். வீட்டுக்கு வந்து பல்குச்சியால் முக்கால் மணி நேரம் குடைந்தேன். இரண்டாவது தடவை பார்த்துவிட்டுத் தலையசைத்தீர்கள். ஒட்டாத தோசைக்கல் மாதிரி பூச்சுப் போட்ட வாணலியை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை.

பெரிய சூப்பு அண்டா அந்தக் கொப்பரையில் நுழையாது. அதற்கு வேறு வழி: அண்டாவை விளிம்புவரை நிரப்பிக் கொதிக்கவிட்டு, அடுப்பில் பழுக்கச் சூடாக்கிய கல்லை உள்ளே போட்டால் தண்ணீர் பொங்கி நாலு பக்கமும் வழியும், விளிம்பும் சுத்தமாகிவிடும். கிடுக்கியோடு ஆன்ட்டியின் கணவர் வந்து போட்டார். பொங்கி வழிந்தபோது என் வாய் தானாக “பொங்கலோ பொங்கல்” என்று கத்திவிட்டது. ஏன் கத்தினேன் என்று மூன்று பேருக்கு விளக்கவேண்டியதாயிற்று.

அடுப்பறையின் மற்ற வேலை எல்லாம் முதுகு ஒடிகிற வேலை, சொல்ல ஒன்றுமில்லை. ‘அவன்’ (oven) அடுப்பு ஒரு நாள் சும்மா இருந்து, பிறகு முழுச் சூட்டில் எரிந்தது. எவர்சில்வர் தொட்டியில் கெண்டி கெண்டியாகக் கொதிநீர் ஊற்றினோம். மேடைக்குக் கெட்டி அலுமினியத் தாள். பழைய பாத்திர அலமாரிகளுக்கு ஒட்டு நாடா. தாள் ஒட்டத் தோள் கொடுத்த பிலிப்பினோ அக்காவுக்கு நன்றி.

இந்த வருஷம் நாள் கணக்கும் எங்களோடு விளையாடியது. பெசாக் ஏப்ரல் 12, சனிக்கிழமை இரவு தொடங்கியது; அன்று பகல் யூதர்களின் ஓய்வுநாளான சபாத். அதனால் மெழுகுவத்தியோடு ஹாமெட்ஸ் தேடுவது வியாழன் இரவுக்கு வந்துவிட்டது. ஒளித்துவைக்கும் 10 ரொட்டித் துண்டும் எங்கெங்கே என்று நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வெள்ளி காலையில் எரித்தாயிற்று. ஆனால் சபாத்துக்கு ரொட்டி வேண்டுமே! அடுப்பறைக்குத் தொலைவில், வாசல் நடையில், காகிதத் தட்டில் இரண்டு சின்ன ரொட்டியை வைத்துச் சாப்பிட்டு, துகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். இப்படி வருவது அடுத்து 2045-இல் தானாம். “அதற்கு உன்னைக் கூப்பிடமாட்டேன், பயப்படாதே” என்றார் பாட்டியம்மா.

மட்சா என்ற புளிப்பில்லாத அப்பம், திராட்சை ரசம், ஐந்து டஜன் முட்டை அனுப்பிய பெசாக் நிதிக்காரர்களுக்கும், குதிரைமுள்ளங்கி துருவி அழுதுகொண்டே டப்பாவில் தந்த பெண்ணுக்கும் நன்றி.

பாட்டியம்மா, உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். மகள் படித்துக் காட்டமாட்டார், நானே மொழிபெயர்த்துச் சொல்கிறேன். நான் சமைத்தாலும் அடுப்பை யூதர் ஒருவர் ஏற்றவேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை ஒவ்வொரு சட்டிக்கும் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து குமிழைத் திருப்பினீர்கள். மருத்துவர் பார்த்திருந்தால் இருவரையும் திட்டியிருப்பார்.

பாத்திரங்கள் இப்போது நாலு பிளாஸ்டிக் பெட்டியில், மூடி ஒட்டி, என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அந்தச் சாமான் அறையை இனி நான் நம்பமாட்டேன். ஆன்ட்டியின் இரண்டு சட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பச்சைக் கைப்பிடி போட்ட தோல்சீவி ஒன்று மிச்சம் இருக்கிறது. யார் கொடுத்தீர்கள் என்று எங்களுக்கு நினைவில்லை. நன்றாகச் சீவுகிறது. உங்களுடையது என்றால் கதவைத் தட்டுங்கள். பெசாக் சாமானோடு கலக்காமல் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.